தறி நின்ற நாளில்

தலைமைத்துவம் என்ற சொல் இன்று நம் கிராமங்களிலும் தாராளமாகப் புழங்குகின்றது. மாதர் சங்கம், மீனவர் கூட்டுறவுச் சங்கம், இளைஞர் கழகம் என்று எதை எடுத்தாலும் அதன் நிர்வாகக் குழுவினருக்கு வருடத்தில் ஒரு தடவையேனும் தலைமைத்துவப் பயிற்சி நடைபெறுகின்றது. நாமும் அத்தகைய பயிற்சிகளை நடத்தி வருகின்றோம். பங்குபற்றுவோருக்கு வாசிக்கக் கொடுக்கப்படும் தாள்களில் பெரிய தொழிலதிபர்களின் பேட்டிகளும் இடம்பெறுவதுண்டு. அவை பெரும்பாலும் ஒரே அச்சில் வார்க்கப்பட்டவை. தந்தையார் வெறுங்கையோடு வந்தார், இரவுபகலாக உழைத்தார். மகன் காலத்தில் ஒரு பெரும் நெருக்கடி வந்தது, மகன் மனந்தளரவில்லை, வென்றார். பேரன் இப்பொழுது வெளிநாட்டிலே முகாமைத்துவம் படிக்கின்றார்.

இவற்றில் பொய் இருப்பதாக நாம் சொல்ல வரவில்லை. உழைப்பு உண்மை, துணிவு உண்மை. ஆனால் அந்த நெருக்கடி வந்த மாதத்தில் அங்கே வேலை செய்த இருநூறு பேருடைய வீடுகளில் உலை எரிந்ததா என்ற செய்தி மட்டும் அப்பேட்டிகளில் அகப்படுவதில்லை. கேட்டவரும் கேட்கவில்லை, சொன்னவரும் சொல்லவில்லை.

ஆகவே இந்த இதழிலே, அக்கேள்வியைத் தவிர்க்க முடியாமற் போன இரண்டு குடும்பங்களைப் பற்றி எழுத விரும்புகின்றோம். ஒன்று அமெரிக்காவில், மற்றையது ஜப்பானில். இரண்டுமே துணியிலும் தறியிலும் தொடங்கிய குடும்பங்கள். நம் வாசகர்களுள் நெசவு நிலையங்களில் வேலை செய்தோரும், பிள்ளைகளை ஆடைத் தொழிற்சாலைகளுக்கு அனுப்பியோரும் பலர். அவர்களுக்கு இக்கதைகள் அந்நியமாய் இரா என்று நம்புகின்றோம்.

லோரன்ஸ் நகரத்து ஆலை

அமெரிக்காவின் வடகிழக்கிலே மாசாச்சூசெட்ஸ் என்றொரு மாநிலம் உண்டு. அங்கே மெரிமக் ஆற்றங்கரையில் உள்ளது லோரன்ஸ் நகரம். நீர்ச் சக்தியைக் கொண்டு தறிகளை ஓட்டுவதற்காகவே 19ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் திட்டமிட்டுக் கட்டப்பட்ட நகரம் அது. வேலை தேடிக் கப்பலேறி வந்த ஏழைகளின் நகரமாக அது வளர்ந்தது. 1912ஆம் ஆண்டு வேலை நேரம் சட்டப்படி குறைக்கப்பட்டபொழுது முதலாளிமார் கூலியையும் சேர்த்துக் குறைத்தார்கள். வெவ்வேறு மொழிகள் பேசிய ஆயிரக்கணக்கான தொழிலாளர், அவர்களுட் பெருந்தொகையான பெண்கள், கடுங்குளிரிலே தெருவுக்கு வந்து போராடி வென்றார்கள். தொழிலாளர் வரலாற்றில் அது அழியாத இடம்பெற்றது.

இந்த நகரத்துக்கு 1950களிற் குடிபெயர்ந்தது மோல்டன் மில்ஸ் என்னும் துணி ஆலை. 1906இல் அதே மாநிலத்து மோல்டன் என்னும் ஊரிலே ஹங்கேரியிலிருந்து வந்த ஹென்றி பியூவர்ஸ்டைன் என்னும் யூதர் அதனைத் தொடங்கினார். அவருக்குப் பின் மகன், அவருக்குப் பின் பேரன் ஏரன் பியூவர்ஸ்டைன் என்று மூன்று தலைமுறை அதனை நடத்தியது. அக்காலத்தில் அப்பகுதி ஆலைகள் ஒன்றன்பின் ஒன்றாகக் கூலி மலிவான தென் மாநிலங்களுக்கும், பின்னர் வெளிநாடுகளுக்கும் போய்க்கொண்டிருந்தன. மோல்டன் மில்ஸ் போகவில்லை. இதனைத் தர்மம் என்று மட்டும் எண்ணிவிடக் கூடாது. அனுபவமுள்ள கைகள் இருக்கும் இடத்திலேதான் தரமான துணி வரும் என்பது ஏரனுடைய கணக்கு. நல்ல துணிக்கு நல்ல விலை. நல்ல துணிக்கு நல்ல தொழிலாளி. நல்ல தொழிலாளிக்கு நல்ல சம்பளம். அப்பகுதித் துணி ஆலைகளுள் கூடிய சம்பளம் கொடுத்தவற்றுள் அதுவும் ஒன்று. தொழிற்சங்கத்தோடும் நல்லுறவு இருந்தது.

கணக்கு எப்போதும் சரிவந்தது என்றில்லை. செயற்கை ரோமத் துணியை நம்பி முதலிட்டு, அதற்குரிய சந்தை சரிந்து, 1981இல் நிறுவனம் முறிவு நிலைக்கு வந்தது. அதிலிருந்து மீள உதவியது பொலியெஸ்டர் நூலிலிருந்து அவர்கள் உண்டாக்கிய புதுவகைத் துணி. பாரமில்லாதது, கம்பளிபோற் சூடு தருவது, நனைந்தாலும் விரைவிற் காய்வது. பின்னர் போலார்டெக் என்ற பெயரில் உலகெங்கும் மலையேறுவோரும் குளிர்நாட்டாரும் விரும்பி அணிந்தது இதுதான். 1990களின் நடுப்பகுதியில் ஏறத்தாழ 3000 பேர் அந்த நிறுவனத்தில் வேலை செய்தார்கள். அவர்களிற் பலர் டொமினிக்கன் குடியரசு, புவேர்ட்டோ ரிக்கோ முதலிய இடங்களிலிருந்து வந்து குடியேறியவர்கள்.

1995 டிசம்பர் 11ஆம் திகதி ஏரனுக்கு 70 வயது நிறைவு. குடும்பத்தார் பிறந்தநாள் கொண்டாடிக் கொண்டிருந்த அந்த இரவிலேதான் ஆலையில் வெடிப்பு ஏற்பட்டுத் தீப்பிடித்தது. பலத்த காற்று. பழைய செங்கற் கட்டடங்கள் மூன்று எரிந்து சாய்ந்தன. அந்த மாநிலம் கண்ட மிகப்பெரிய தொழிற்சாலைத் தீவிபத்துக்களுள் அதுவும் ஒன்று. முப்பதுக்கு மேற்பட்டோர் காயமடைந்தனர். சிலர் மிக மோசமாக எரிகாயமுற்றனர். உயிரிழப்பு இல்லை என்பதே ஆறுதல். (இந்த ஆலையைப் பற்றிப் பிற்காலத்தில் எழுதப்பட்ட புகழுரைகள் பலவற்றில் எரிகாயமுற்றோரைப் பற்றிய வரி காணப்படுவதில்லை. அதனாலேயே இங்கு குறித்து வைக்கின்றோம்.)

நத்தாருக்கு இரண்டு வாரங்களே இருந்தன. 70 வயது மனிதர். காப்புறுதிப் பணம் வரவிருந்தது, ஏறத்தாழ 300 மில்லியன் டொலர். அதனை வாங்கிக்கொண்டு ஓய்வெடுத்திருக்கலாம். அல்லது கூலி மலிவான நாடொன்றிற் புதிய ஆலை கட்டியிருக்கலாம். அப்படிச் செய்திருந்தாலும் சட்டமோ சமூகமோ அவரைக் குற்றஞ்சாட்டியிராது.

தீ நடந்து மூன்றாம் நாள் லோரன்ஸ் நகரத்துக் கத்தோலிக்கப் பாடசாலை ஒன்றின் உடற்பயிற்சி மண்டபத்திலே தொழிலாளர்கள் கூட்டப்பட்டார்கள். யூத முதலாளி, பெரும்பாலும் கத்தோலிக்கத் தொழிலாளர், கத்தோலிக்கப் பாடசாலை மண்டபம். அங்கே அவர் மூன்று விடயங்களைக் கூறினார். ஆலை அதே இடத்தில் திரும்பக் கட்டப்படும். அடுத்த 30 நாட்களுக்கு அனைவருக்கும் முழுச் சம்பளம் வழங்கப்படும். மருத்துவக் காப்புறுதி தொடரும். நத்தார் போனசும் கொடுக்கப்பட்டது. 30 நாள் முடிந்ததும் அதனை 60 ஆக்கினார். பின்னர் 90 ஆக்கினார். வேலை செய்யாத நாட்களுக்காக ஏறத்தாழ 25 மில்லியன் டொலர் கொடுக்கப்பட்டதாக அக்காலப் பத்திரிகைகள் எழுதின.

அதற்குப் பின் நடந்ததையும் சொல்லவேண்டும். எரியாமல் எஞ்சிய கட்டடத்தில் மீட்ட இயந்திரங்களை வைத்துச் சில வாரங்களுக்குள்ளேயே தொழிலாளர் உற்பத்தியைத் தொடங்கிவிட்டனர். முன்னைய அளவையும் விஞ்சும்வண்ணம் வேலை செய்தனர். நம்முடைய ஊர்களில் முதலாளி ஒருவர் கைகொடுத்தால் அவர் வீட்டு நன்மை தீமைக்கு அழையாமலே போய் நிற்பதில்லையா, அதுபோல என்று வைத்துக்கொள்ளலாம்.

பத்திரிகைகள் அவரைப் பெரிய மனிதராக்கின. 1996 ஜனவரியில் அதிபர் கிளின்டன் காங்கிரசில் உரையாற்றியபொழுது ஏரன் பியூவர்ஸ்டைன் விருந்தினராக அழைக்கப்பட்டிருந்தார். தாம் செய்தது விசேடமான காரியம் அல்ல என்றும், சிறுவயதில் யூத மறைநூல்களிற் கற்றதைச் செய்ததாகவும் அவர் சொல்லிவந்தார். ஏழைக் கூலியாளை, அவன் சொந்த இனத்தவனாயினும் அந்நியனாயினும், ஒடுக்கலாகாது, பொழுது சாயுமுன் அவன் கூலியைக் கொடுத்துவிடவேண்டும் என்று மோசேயின் சட்டம் கூறுவதை நம் வாசகர்களும் அறிவர். நாம் அதனை வாசகத்தில் வாசிக்கக் கேட்டுவிட்டு வீட்டுக்குப் போகின்றோம். அவர் அதனைச் சம்பளப் பட்டியலில் எழுதினார்.

இங்கே கதையை நிறுத்துவோர் பலர்

பயிற்சித் தாள்களில் வரும் மோல்டன் மில்ஸ் கதை வழக்கமாக இந்த இடத்தில் முடிந்துவிடும். நாமோ அதற்குப் பின்னர் நடந்தது முன்னர் நடந்ததைவிடப் பாடம் நிறைந்தது என்று கருதுகின்றோம்.

புதிய ஆலை 1997இல் திறக்கப்பட்டது. அழகான, நவீனமான ஆலை. ஆனால் கட்டுமானச் செலவு காப்புறுதிப் பணத்தைச் சுமார் 100 மில்லியன் டொலரால் தாண்டியது. மீதி முழுவதும் கடன். தீயினால் நின்றுபோன உற்பத்திகளுள் தளபாட உறைத்துணி முக்கியமானது. வாங்குவோர் காத்திருக்கவில்லை, வேறிடத்தில் வாங்கப் பழகிவிட்டனர். அந்தப் பிரிவு சில ஆண்டுகளில் மூடப்பட்டது. போலார்டெக் போன்ற துணியை ஆசிய நாட்டு ஆலைகள் மலிவு விலையிற் செய்து குவித்தன; ஆரம்ப காலத் துணிக்குக் காப்புரிமை எடுக்கப்பட்டிருக்கவில்லை. போதாக்குறைக்குக் குளிர் குறைந்த மாரிகாலங்களும் வந்தன. 2001 நவம்பரில் மோல்டன் மில்ஸ் முறிவு நிலைக்கான பாதுகாப்பைக் கோரி நீதிமன்றம் சென்றது. அச்செய்தி கேட்டு முன்பின் அறியாத மக்கள் சிறு சிறு காசோலைகளை அனுப்பினார்களாம். மனதைத் தொடும் செய்திதான். ஆனாற் கடன் அத்தகைய காசோலைகளால் அடையக்கூடியதாய் இருக்கவில்லை.

2003இல் நிறுவனம் நீதிமன்றத்திலிருந்து வெளிவந்தபொழுது அது கடன் கொடுத்தோரின் கையில் இருந்தது. ஏரன் அதனைத் திரும்ப வாங்கப் பணம் திரட்டினார். அவர் முன்வைத்த தொகையை அவர்கள் ஏற்கவில்லை. பாட்டனார் தொடங்கிய ஆலையிலே பேரன் வெளியாளானார். 2007இல் மீண்டும் முறிவு; மீண்டும் கைமாற்றம். தொழிலாளரின் ஓய்வூதியத் திட்டத்தைப் புதிய உடைமையாளர் ஏற்காதபடியால் அரச காப்புறுதி நிறுவனம் அதனைப் பொறுப்பேற்க நேர்ந்தது. 2015 டிசம்பரில், தீ நடந்து சரியாக 20 ஆண்டுகள் கழித்து, லோரன்ஸ் ஆலையை மூடி உற்பத்தியை வேறு மாநிலங்களுக்குக் கொண்டு போவதாக அறிவிக்கப்பட்டது. ஏரன் பியூவர்ஸ்டைன் 2021 நவம்பரில் 95 வயதிற் காலமானார்.

அப்படியானால் அவர் செய்தது தவறா? அமெரிக்க முகாமைத்துவக் கல்லூரிகளில் இக்கேள்வி நெடுங்காலம் விவாதிக்கப்பட்டது. இரக்கம் ஆலையைக் கெடுத்தது என்று சொல்வோர் உளர். அவர்கள் கணக்கைச் சரியாகப் பார்க்கவில்லை என்பதே எமது எண்ணம். சம்பளத்துக்குப் போனது 25 மில்லியன். கட்டடத்துக்காகக் கூடுதலாகப் போனது அதன் நான்கு மடங்கு. அவரை வீழ்த்தியது மூன்று மாதச் சம்பளம் அல்ல, அதே அளவில், அதைவிடப் பெரிதாக, உடனடியாகக் கட்டிவிடவேண்டும் என்று எடுத்த கடன். கொடுத்த கை அவரைக் கெடுக்கவில்லை. கட்டிய கை கெடுத்தது எனலாம். வீடு கட்டிக் கடனாளியான எத்தனை பேரை நம் ஊர்களில் அறிவோம்! அவர்களுள் ஒருவரையேனும், வேலைக்காரனுக்குக் கூலி கொடுத்துக் கெட்டார் என்று யாரும் சொல்வதில்லை.

இன்னொரு பக்கமும் உண்டு. எல்லா முடிவுகளும் ஒரே மனிதரின் நெஞ்சிலிருந்து வந்தன. நல்ல நெஞ்சு என்பதில் ஐயமில்லை. என்றாலும் அவர் தலைமை இழந்ததும் அந்த நல்லெண்ணத்தைத் தாங்கி நிற்க ஆலையிலே வேறு அமைப்பு எதுவும் இருக்கவில்லை. தொழிலாளருக்குப் பங்குடைமை இருந்திருந்தால், அல்லது சம்பள ஒதுக்கீட்டு நிதியொன்று எழுத்திலே இருந்திருந்தால், கடன்காரர் அதனையும் கணக்கில் எடுத்திருக்க நேர்ந்திருக்கும். தந்தைபோன்ற முதலாளி நல்லவர்தான். ஆனாற் தந்தைக்கும் முதுமை உண்டு.

அவரை இறுதிக் காலத்திற் பேட்டி கண்டவர்கள், திரும்பவும் அந்நிலை வந்தால் என்ன செய்வீர்கள் என்று கேட்பது வழக்கமாம். அதையேதான் செய்வேன் என்பது அவர் பதில்.

நூல் அறுந்தால் நிற்கும் தறி

ஜப்பானியக் குடும்பத்தின் கதை இதற்கு நேர்மாறாகத் தோன்றும். சாக்கிச்சி டொயோடா 1867இல் ஏழைக் கிராமம் ஒன்றிலே தச்சருடைய மகனாகப் பிறந்தவர். தாயும் அயல்வீட்டுப் பெண்களும் கைத்தறியில் இடுப்பொடிய நெய்வதைப் பார்த்து வளர்ந்தவர். தந்தையிடம் தச்சுத்தொழில் பழகி, அந்த வேலையை இலகுவாக்கும் மரத்தறியொன்றை உருவாக்கி, 1891இல் அதற்குக் காப்புரிமை பெற்றார். பின்னர் விசைத்தறிகள். அவற்றில் ஒரு விசேடம் என்னவெனில், ஊடை நூல் அறுந்தால் தறி தானாகவே நின்றுவிடும். பழுதான துணியை நெய்துகொண்டே போவதில் என்ன பயன்? தறியை ஓட்டுவதைப் போலவே நிறுத்துவதும் முக்கியம் என்பது அவர் கண்டுபிடிப்பு. நெசவு தெரிந்த நம் பெண்களுக்கு இதன் அருமை நன்கு விளங்கும்.

அவரும் அடிபடாதவர் அல்லர். முதலீட்டாளரோடு சேர்ந்து 1907இல் தொடங்கிய தறிக் கம்பனியிலிருந்து 1910இல் அவர் விலக நேர்ந்தது. தம் பெயர் தாங்கிய கம்பனியிலிருந்தே வெளியேறி, அமெரிக்காவையும் ஐரோப்பாவையும் சுற்றிப் பார்த்துவிட்டு வந்து, மீண்டும் அடியிலிருந்து தொடங்கினார். 1924இல் வெளிவந்த அவருடைய தானியங்கித் தறி உலகப் புகழ்பெற்றது. இங்கிலாந்தின் பிளாட் பிரதர்ஸ் என்னும் பெரிய இயந்திர நிறுவனம் 1929இல் அதன் உரிமையை 1,00,000 பவுணுக்கு வாங்க உடன்பட்டது. தறி செய்யக் கற்றுக்கொடுத்த நாடு, கற்றவனிடம் தறி வாங்கியது!

சாக்கிச்சி 1930இற் காலமானார். மகன் கீச்சிரோ தறியோடு நிற்காமல் மோட்டார் வாகன ஆராய்ச்சியில் இறங்கினார். 1937இல் டொயோட்டா மோட்டார் கம்பனி உருவாயிற்று. (குடும்பப் பெயர் டொயோடா, கம்பனிப் பெயர் டொயோட்டா.) நம் நாட்டு வீதிகளில் ஓடும் ஹையேஸ் வான்களும் கொரோலா கார்களும் ஒரு கிராமத்துத் தச்சரின் கைத்தறியிலிருந்து வந்தவை என்று சொன்னாற் பிழையாகாது.

உலகப் போருக்குப் பின் ஜப்பான் நொடிந்து கிடந்தது. 1949இல் பணவீக்கத்தை அடக்க எடுத்த கடும் நடவடிக்கைகளால் வாகனம் வாங்க ஆளில்லை. விற்றதற்குப் பணம் வரவில்லை. அந்த வருட முடிவில் கீச்சிரோ தொழிற்சங்கத்தோடு ஓர் உடன்பாடு செய்தார். சம்பளத்தில் 10 சதவீதம் குறைக்கப்படும். ஆனால் எவரும் வேலைநீக்கம் செய்யப்படமாட்டார். தொழிலாளர் அதனை ஏற்றனர். ஆனாற் கடன் கொடுத்த வங்கிகள் ஏற்கவில்லை. ஆட்குறைப்புச் செய்தாற்தான் பணம் என்பது அவர்கள் நிபந்தனை. 1950 ஏப்ரலில் வேலைநிறுத்தம் வெடித்தது.

கீச்சிரோ கொடுத்த வாக்கு முறிந்தது. ஏறத்தாழ 2000 பேர் வேலையை விட்டுச் சென்றனர். ஜூன் 5ஆம் திகதி கீச்சிரோ தலைவர் பதவியைத் துறந்தார். ஆட்களை அனுப்பவேண்டிய நிலைக்குக் கம்பனியைக் கொண்டுவந்த தலைவன் தன் நாற்காலியில் இருக்க உரிமையற்றவன் என்பது அதன் பொருள். தந்தையின் தறிப் பணத்தில் தாம் கனவுகண்டு கட்டியதை அவரே விட்டுச் சென்றார். அதே மாதம் 25ஆம் திகதி கொரியப் போர் மூண்டது. அமெரிக்க இராணுவத்துக்கு லொறிகள் தேவைப்பட்டன, டொயோட்டா தலைநிமிர்ந்தது. மூன்று வாரங்கள் பொறுத்திருந்தால்! ஓர் ஏழை நாட்டின் போர் இன்னொரு நாட்டின் தொழிலுக்கு உயிர்கொடுத்தது என்பதையும் போரை அறிந்த நாம் கவனியாமல் விட முடியாது. கீச்சிரோவை மீண்டும் தலைமை ஏற்க அழைத்தார்கள். ஏற்பதற்கு முன்னரே, 1952 மார்ச்சில், 57 வயதிற் காலமானார்.

அந்த 1950ஆம் ஆண்டின் காயம் அக்கம்பனியிலே ஆறாத நினைவாகத் தங்கிவிட்டது. 1962இல் நிர்வாகமும் தொழிற்சங்கமும் பரஸ்பர நம்பிக்கையை அடிப்படையாகக் கொண்ட கூட்டுப் பிரகடனம் ஒன்றிற் கைச்சாத்திட்டன. சாக்கிச்சியின் தறியிலிருந்த அதே தத்துவம் தொழிற்சாலைக்கும் வந்தது. பழுது கண்ட எந்தத் தொழிலாளியும் ஒரு கயிற்றை இழுத்து உற்பத்தி வரிசையை நிறுத்தச் செய்யலாம். மேற்பார்வையாளரின் அனுமதிக்காகக் காத்திருக்க வேண்டியதில்லை. நம் நாட்டின் எத்தனை தொழிற்சாலைகளில், ஏன், எத்தனை சங்கக் கூட்டங்களில், கடைசி வரிசையில் இருப்பவர் கயிற்றை இழுக்கலாம்?

கீச்சிரோவின் பேரன் அக்கியோ டொயோடா 2009இல் தலைவரானார். சில மாதங்களுக்குள் வாகனங்கள் திடீரென வேகமெடுக்கின்றன என்ற முறைப்பாட்டினால் இலட்சக்கணக்கான வாகனங்கள் மீளப்பெறப்பட்டன. 2010 பெப்ரவரி 24ஆம் திகதி அமெரிக்கக் காங்கிரஸ் குழுவின் முன் நேரில் ஆஜராகி மன்னிப்புக் கேட்டார். ஆட்களும் அமைப்பும் வளரக்கூடிய வேகத்தைவிடக் கம்பனி வேகமாக வளர்ந்துவிட்டது என்றும், ஒவ்வொரு வாகனத்திலும் தம் குடும்பப் பெயர் இருக்கின்றது என்றும் அங்கே கூறினார். அதன்பின் விற்பனை முகவர்களையும் தொழிலாளரையும் சந்தித்தபொழுது கண்கலங்கினார். அழுதது அரசியலா அனுதாபமா என்று அப்போது சிலர் கேட்டனர். அதை நாம் தீர்மானிக்க முடியாது. பாட்டனார் எவ்வாறு பதவி துறந்தார் என்பதை அறிந்து வளர்ந்தவருக்கு அந்த நாற்காலியிலே இருப்பது இலகுவாய் இருந்திராது என்று மட்டும் நினைக்கின்றோம்.

ஒருவர் வாக்கைக் காத்து ஆலையை இழந்தார். மற்றவர் ஆலையைக் காக்க வாக்கை இழந்து, அதற்குத் தம் பதவியை விலையாகக் கொடுத்தார். எவர் பெரியவர் என்று பட்டிமன்றம் வைப்பதில் எமக்கு விருப்பமில்லை. இருவரும் இழப்பை முழுவதுமாகத் தொழிலாளியின் தலையில் இறக்கிவைத்துவிட்டு ஒதுங்கவில்லை என்பதையே கவனிக்கின்றோம்.

நம் நாட்டிலே

குடும்பப் பெயரைத் தாங்கிய தொழில் என்றால் நம் நாட்டிலும் உதாரணம் உண்டு. நீர்கொழும்பை அடுத்த பல்லன்சேனையில் 1930இற் பிறந்த மெரில் பெர்னாண்டோ, தேயிலை சுவைபார்க்கும் பயிற்சிக்காக இளம்வயதில் லண்டன் போனவர். இலங்கைத் தேயிலை மொத்தமாக ஏற்றுமதியாகி, அங்கே வேறு நாட்டுத் தேயிலைகளோடு கலக்கப்பட்டு, வேறு பெயர்களில் விற்கப்படுவதையும், இலாபத்தின் பெரும்பகுதி அங்கேயே தங்கிவிடுவதையும் கண்டார். விளைந்த நாட்டிலேயே பொதிசெய்து நம் பெயரிலேயே விற்கவேண்டும் என்ற எண்ணத்தோடு பல ஆண்டுகள் போராடி, 1980களில் அவுஸ்திரேலியச் சந்தையிற் தம் தேயிலையை நிலைநாட்டினார். டில்ஹான், மாலிக் என்னும் தம் இரு பிள்ளைகளின் பெயர்களைச் சேர்த்து டில்மா என்று பெயர் வைத்தார். பிள்ளைகளின் பெயரை வைத்தவன் கலப்படம் செய்யத் துணியமாட்டான் அல்லவா! தொழிலின் வருமானத்தில் ஒரு பகுதியை அறப்பணிக்கு ஒதுக்கும் நிதியத்தையும் ஏற்படுத்தினார். 2023 ஜூலையில் 93 வயதிற் காலமானார். பெரிய நாட்டுக் கம்பனிகளை எதிர்த்து ஒரு சிறிய நாட்டுக்காரர் நின்று காட்டியது சாதாரண காரியம் அல்ல.

தேயிலை என்றதும் இன்னொரு குடும்ப மரபும் எம் மனதில் எழுகின்றது. இது தனியொரு நிறுவனத்தை நோக்கிய பேச்சல்ல. தேயிலைத் துறை முழுவதையும் பற்றியது. 1867இல் லூல்கந்துரையில் ஜேம்ஸ் டெய்லர் தேயிலையைத் தோட்டப் பயிராக நட்டது தொடக்கம், தாயிடமிருந்து மகளுக்குக் கொழுந்துக் கூடையும் லயக் காம்பராவும் முதுசமாக வந்துகொண்டிருக்கின்றன. அதுவும் தலைமுறை தலைமுறையாகக் கைமாறும் குடும்பத் தொழில்தான். அந்தக் குடும்பங்களிடம் எவரும் தலைமைத்துவம் பற்றிப் பேட்டி எடுப்பதில்லை. நாட்சம்பளம் 1000 ரூபா என்ற கோரிக்கை, பல ஆண்டுப் போராட்டத்தின் பின்னர், 2021இலேதான் வர்த்தமானிக்கு வந்தது.

தறி நிற்கும் நாள் நமக்கும் வந்ததுண்டு. 2004 டிசம்பர் 26ஆம் திகதி மருதமுனைக் கரையிலே கடல் ஏறியபொழுது வீடுகளோடு நெசவாளர் குடும்பங்களின் வாழ்வும் குலைந்தது. 2020இல் கொரோனா வந்தபொழுது கட்டுநாயக்க வலயத்து இயந்திரங்கள் நின்றன. கிராமங்களிலிருந்து போன பெண்பிள்ளைகள் வாடகை அறைகளில் முடங்கினார்கள். அவ்வருடம் மே மாதம் அரசும் முதலாளிமாரும் தொழிற்சங்கங்களும் கூடிப்பேசி, வேலைக்கு அழைக்க முடியாதோருக்கு அடிப்படைச் சம்பளத்திற் பாதி அல்லது 14,500 ரூபா, இவற்றுள் எது கூடவோ அது வழங்கப்படவேண்டும் என்று உடன்பட்டனர். முழுச் சம்பளம் அன்று. எல்லோருக்கும் அது ஒழுங்காகக் கிடைத்ததும் அன்று. ஆயினும் அது ஒரு முதலாளியின் இரக்கத்தில் தங்கியிராமல் மூன்று தரப்பார் மேசையிலிருந்து எழுதிய ஒன்று என்பதனால் அதற்கு ஒரு மதிப்பு உண்டு.

நம் சங்கங்களிலும் இந்த விடயம் பேசப்படவேண்டியதே. பெரும்பாலான சங்கங்களில் ஒதுக்கு நிதி இருக்கின்றது. யாப்பைப் புரட்டிப் பார்த்தால் அது கட்டடத்துக்கு, இயந்திரத்துக்கு, வாகனத்துக்கு என்று எழுதப்பட்டிருக்கும். வேலை நின்றுபோகும் மாதத்தில் நெய்பவளுக்கு எத்தனை நாட் கூலி என்று எழுதிய யாப்பை நாம் அரிதாகவே காண்கின்றோம். வறுமைப்பட்ட சங்கத்திடம் அவ்வளவு பணம் ஏது என்று கேட்பார்கள். நியாயமான கேள்வி. பத்து நாட் கூலிக்குப் போதுமானதை மூன்று வருடத்திற் சேர்க்கலாமா என்று கணக்குப் பார்ப்பதற்கு மட்டும் பணம் தேவையில்லை.

அண்மையில் ஒரு பயிற்சியின்போது லோரன்ஸ் நகரத்துக் கதையை வாசித்து முடித்தோம். ஆண்கள் பக்கத்திலிருந்து, கடன் எடுத்தது பிழை, காப்புரிமை எடுக்காதது பிழை என்று பல கருத்துக்கள் வந்தன. நெசவுக் குழுவைச் சேர்ந்த அம்மா ஒருவர் நெடுநேரம் பேசாமல் இருந்துவிட்டு, "மூன்று மாசம் குடுத்தவர் சரி சாமி, நாலாம் மாசமும் வேலை கிடைக்காத ஆக்கள் இருந்திருப்பினமே, அவையள் என்ன செய்தவை?" என்று கேட்டார். அத்தகையோர் இருந்தனர். 90 நாட்கள் கழிந்தபொழுது பெரும்பான்மையோர் வேலைக்குத் திரும்பியிருந்தாலும் சில நூறு பேர் வெளியேதான் நின்றனர். மருத்துவக் காப்புறுதி அவர்களுக்கு மேலும் சில காலம் தொடர்ந்தது. சம்பளம் நின்றது. அம்மா அதைக் கேட்டுவிட்டு, பக்கத்தில் இருந்த பொருளாளரிடம் தங்கள் சங்கத்து ஒதுக்கு நிதியிலே இப்போது எவ்வளவு இருக்கின்றது என்று விசாரிக்கத் தொடங்கினார்.